பெல்லட் அடுப்பு காட்டும் டிகிரியும் ஹாலின் டிகிரியும்

அடுப்பின் திரையில் 23 என்று எரிகிறது. சோபாவில் உட்கார்ந்திருப்பவர் ஸ்வெட்டருக்கு மேல் போர்வையும் போர்த்தியிருக்கிறார். இதற்கு நேர்மாறாக இன்னொரு வீட்டில் திரை 17-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது, ஹாலில் எல்லோருக்கும் வியர்க்கிறது, பெல்லட் மூட்டை கரைகிறது. இரண்டு வீட்டிலும் சொல்வது ஒன்றுதான்: "சென்சார் போயிடுச்சு."

பெரும்பாலும் சென்சார் போயிருக்காது. தான் இருக்கும் இடத்தின் வெப்பத்தை அது சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த இடம்தான் நாம் உட்காரும் இடம் இல்லை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை வெந்நீர் டம்ளரின் பக்கத்தில் வைத்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மருந்து கொடுப்பதைப் போன்றது இது. அதனால் புது சென்சாருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

அந்த எண்ணை வைத்து அடுப்பு என்ன செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. விறகு அடுப்பில் கட்டையைப் போடுவதும் காற்றைக் குறைப்பதும் நம் கை. பெல்லட் அடுப்பில் அந்த முடிவையெல்லாம் ஒரு சர்க்யூட் போர்டு எடுக்கிறது. நீங்கள் 20 என்று வைத்தால், அறை 20-ஐத் தொட்டதாக சென்சார் சொன்னதும் பெல்லட் விழுவதைக் குறைத்து, தீயைக் குறைந்த அளவுக்குக் கொண்டுவரும். ஈகோ முறையில் இருந்தால், இன்னும் ஓரிரு டிகிரி ஏறியதும் முழுவதுமாக அணைந்துவிடும். அறை குளிர்ந்ததாக சென்சார் சொன்னால் மறுபடி பற்றவைக்கும். பற்றவைக்கும் கம்பி சூடாகி, பெல்லட் பிடித்து, உருப்படியான வெப்பம் வெளியே வரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். சென்சார் கூடுதலாகக் காட்டினால் அடுப்பு முன்னதாகவே அடங்கிவிடும், நமக்குக் குளிரும். குறைவாகக் காட்டினால் அடங்காமல் எரியும், பெல்லட் தீரும். ஏறி இறங்கித் தடுமாறினால் அடுப்பு அணைவதும் பற்றுவதுமாக இருக்கும். பற்றவைக்கும் கம்பியின் ஆயுளை இது போல் குறைப்பது வேறொன்றும் இல்லை.

ஓரிரு டிகிரிக்கு இவ்வளவு கவலையா என்று கேட்கலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கவலைப்படத்தான் வேண்டும். இங்கே ஜூலையில் பகலில் 14, 15 டிகிரி, இரவில் 7, 8 டிகிரி. வெளியே 10 டிகிரியும் உள்ளே 20 டிகிரியும் இருந்தால் வித்தியாசம் 10. வீட்டிலிருந்து வெப்பம் வெளியேறுவது ஏறக்குறைய இந்த வித்தியாசத்தின் அளவைப் பொறுத்தது. சென்சார் 2 டிகிரி குறைத்துக் காட்டி, அறை 22 வரை போனால் வித்தியாசம் 12 ஆகிறது, எரிபொருள் செலவு 20 சதவீதம் கூடுகிறது. வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும் ஊரில் அதே 2 டிகிரிப் பிழைக்கு 7 சதவீதம்கூட ஆகாது. பெல்லட் அடுப்புகளில் பல அப்படிப்பட்ட குளிர் நாடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மிதமான குளிருள்ள ஊரில்தான் சின்னப் பிழை பெரிய விகிதமாகிறது.

செலவைவிட உடல்நலம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒடாகோ பல்கலைக்கழகத்தின் பிலிப்பா ஹௌடன்-சாப்மனும் உடன் ஆய்வாளர்களும் ஆஸ்துமா உள்ள 409 பிள்ளைகளின் வீடுகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் 6 முதல் 12 வயதுக்குள். பாதி வீடுகளில் பழைய ஹீட்டருக்குப் பதிலாக ஹீட் பம்ப், பெல்லட் அடுப்பு, புகைபோக்கி உள்ள கேஸ் ஹீட்டர் ஆகியவற்றில் ஒன்றைப் பொருத்தினார்கள். முடிவு 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. நுரையீரல் அளவீட்டில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. ஆனால் இரவு இருமலும், மூச்சிரைத்துத் தூக்கம் கெடுவதும் குறைந்தன. பிள்ளைகள் பள்ளிக்கு லீவு போட்டது சராசரியாக 1.8 நாள் குறைந்தது. இத்தனைக்கும் அந்த வீடுகளின் ஹாலில் வெப்பநிலை கூடியது சராசரியாக 1.1 டிகிரிதான். அந்த அளவு நன்மையை, தவறான இடத்தில் தொங்கும் ஒரு சென்சார் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

சரி, அது எங்கே இருக்கிறது? அடுப்பு நன்றாக ஆறியபின் டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் மெல்லிய கறுப்பு ஒயர் ஒன்று, பவர் ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்திலிருந்து வெளியே வந்திருக்கும். அதன் நுனியில் சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் அல்லது உலோகக் குமிழ் இருக்கும். சில வீடுகளில் அது ஒரு கிளிப்பில் மாட்டியிருக்கும். பல வீடுகளில் மாட்டாமலே விட்டிருப்பார்கள். அடுப்பை நிறுவியபோது சுருட்டிக் கட்டிய நிலையிலேயே, பின் தகட்டில் சாய்ந்தபடி, தூசியும் பெல்லட் துகளும் அப்பிக்கொண்டு கிடக்கும். அந்தக் குமிழ்தான் உங்கள் ஹாலின் வெப்பத்தை அளக்கிறது. உள்ளே புகைபோக்கியின் வெப்பத்தை அளக்க வேறொரு சென்சார் உண்டு. அது தீயின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அதைத் தொடக்கூடாது. நாம் பேசுவது வெளியே தொங்கும் இந்த ஒயரைப் பற்றி மட்டும்.

இனி முக்கியமான சோதனை. என்னைக் கேட்டால் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பிரச்சினைக்கு விடை கிடைத்துவிடும். இரவு அடுப்பை அணைத்துவிட்டு, காலையில் பற்றவைப்பதற்கு முன்பு, திரையில் உள்ள எண்ணையும் அதே இடத்தில், குமிழுக்குப் பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டரின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுப்பை இரண்டு மணி நேரம் எரியவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு எண்ணும் ஒத்துப்போய், எரியும்போது மட்டும் விலகினால் சென்சார் நல்ல சென்சார், அதன் இடம்தான் கெட்ட இடம். குளிர்ந்திருக்கும்போதே 3, 4 டிகிரி விலகியிருந்தால் சென்சார், ஒயர், கனெக்டர் ஆகியவற்றில் கோளாறு தேட வேண்டும். அல்லது யாரோ மெனுவில் ஒரு திருத்தம் போட்டு வைத்திருக்கலாம்.

இந்தச் சோதனைக்கு நம்பகமான தெர்மாமீட்டர் வேண்டும். கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர்கள் ஒரு டிகிரி கூடுதலாகவோ குறைவாகவோ காட்டுவது சாதாரணம். கிடைத்தால் மூன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ, அடுப்புக்குத் தொலைவில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் சேர்த்து வையுங்கள். இரண்டு ஒன்று சொல்லி மூன்றாவது மட்டும் விலகினால், அதை ஒதுக்கிவிடுங்கள். ஹாலில் அளக்கும்போது தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, உள்சுவர் ஓரமாக, வெயிலும் விளக்கும் அடுப்பின் நேர்க்காற்றும் படாத இடத்தில் வைக்க வேண்டும். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. அது சுவரின், சோபாவின் மேற்பரப்பைச் சொல்லும். காற்றைச் சொல்லாது.

இடம்தான் பிழை என்றால், ஆக்லாந்து வீடுகளில் அது எப்படியெல்லாம் நேர்கிறது என்று பார்ப்போம்.

குமிழ் அடுப்பின் பின் தகட்டைத் தொட்டுக்கொண்டிருப்பது முதல் காரணம். எரிய எரிய தகடு சூடாகும், சென்சார் அதைக் காட்டும், அடுப்பு அடங்கும். மூலையில் அடுப்பை வைத்து, மேலே மான்டல் பலகை போட்ட வீடுகளில் பின்பக்கம் சூடான காற்று தேங்கும். தகட்டைத் தொடாவிட்டாலும் அங்கே 4, 5 டிகிரி கூடுதலாக இருக்கலாம்.

இதற்கு எதிரான பிழை பழைய வில்லா வீடுகளில் அதிகம். போன்சன்பி, கிரே லின், மவுண்ட் ஈடன் பக்கம் 1900-ஐ ஒட்டிக் கட்டிய மர வீடுகளில் தரைப்பலகைக்கு அடியில் காலியிடம். பலகை இடுக்கு வழியாகவும், சுவரின் அடிப்பலகை இடுக்கு வழியாகவும் குளிர்காற்று தரையோடு வரும். குமிழ் தரையை ஒட்டிக் கிடந்தால் அந்தக் காற்றைத்தான் அளக்கும். எரிவதற்கான காற்றை அறையிலிருந்தே இழுக்கும் அடுப்பாக இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் இழுக்கும் வாய் பெரும்பாலும் பின்பக்கம் கீழேதான் இருக்கும். குளிர்காற்று குமிழைத் தாண்டித்தான் உள்ளே போகும். இந்த வீடுகளில் கூரையின் உள்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல். சூடான காற்று எல்லாம் மேலே போய்த் தங்கிவிடும். தரையில் 16, தலைக்கு மேல் 25 என்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. அங்கே சென்சார் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே விடையை மாற்றிவிடும். சீலிங் ஃபேன் இருந்தால் மிக மெதுவாகச் சுழலவிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் ஃபேனா என்று தோன்றும், ஆனால் மேலே தேங்கிய வெப்பம் கீழே வரும், சென்சாரும் உண்மைக்கு அருகில் வரும்.

சுவரில் தனியாகத் தெர்மோஸ்டாட் மாட்டியவர்கள் கவனிக்க வேண்டியது ஒயர் வரும் துளை. சுவரின் உள்ளே வெற்றிடம் இருக்கும். புதிய வீடுகளுக்கு இன்சுலேஷன் கட்டாயமானது 1978-ல்தான், அதற்கு முந்தைய வீடுகளின் சுவருக்குள் பல இடங்களில் இன்றும் ஒன்றும் இல்லை. காற்றடிக்கும் நாளில் அந்தத் துளை வழியாகக் குளிர்காற்று நேரே தெர்மோஸ்டாட் பெட்டிக்குள் வரும். பெட்டியைக் கழற்றித் துளையின் முன்னால் கையை வைத்தால் தெரியும். சீலன்ட் கொஞ்சம் வைத்து அடைத்தால் போதும். மிக மலிவான, பலரும் விட்டுவிடுகிற வைத்தியம் இது.

வெயில் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குளிர்காலத்தில் வெயில் தெற்குப் பக்கமாகச் சாயும். இங்கே சூரியன் வடக்கு வானத்தில் போகிறது. வடக்கு பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சென்சாரையோ ரிமோட்டையோ வைத்தால், ஜூலை மதியத்திலும் நேர் வெயில் விழும். மேகமில்லாத நாளில் மட்டும் அடுப்பு நடுவில் அணைந்து, மாலையில் வீடு சில்லிட்டுக் கிடந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ரிமோட் என்றதும் இன்னொன்று. சில அடுப்புகளில் சென்சார் ரிமோட்டின் உள்ளேயே இருக்கிறது. அதைக் குஷனுக்கு அடியில் விட்டால், டிவி பெட்டிக்கு மேல் வைத்தால், கையில் பிடித்தபடி இருந்தால், அது அந்த இடத்தின் சூட்டைத்தான் அனுப்பும். பேட்டரி தீர்ந்தால் பல மாடல்கள் சொல்லாமல் கொள்ளாமல் அடுப்பின் பின்பக்க சென்சாருக்கு மாறிவிடும். நேற்றுவரை சரியாக இருந்தது இன்று மாறிவிட்டதே என்று தோன்றினால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

இந்தக் காரணங்களில் எது பொருந்தினாலும் தீர்வு குமிழை நகர்த்துவதுதான். சுருட்டிக் கட்டியிருப்பதை அவிழ்த்தாலே ஒன்றிரண்டு மீட்டர் கிடைக்கும். அடுப்பின் பக்கவாட்டில், தகட்டிலிருந்து விலகி, உள்சுவர் ஓரமாக, இடுப்பு உயரத்தில் ஒட்டிவிடுங்கள். ஒயர் போதாவிட்டால் நீட்டலாம். நீட்டினால் அளவு மாறிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். வீட்டு அடுப்புகளில் அதிகம் காணப்படுவது 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர், அதாவது 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டி, குளிரக் குளிர எதிர்ப்பு கூடும் வகை. பத்து மீட்டர் செம்பு ஒயர் சேர்ப்பது ஓரிரு ஓம் மட்டுமே, கணக்கில் தெரியாது. ஆனால் பிளாட்டினம் வகை, அதாவது பி.டி. 100 என்றால் கதை வேறு. அங்கே ஒரு டிகிரிக்கு 0.4 ஓம்கூட இல்லை, ஒயரின் ஓரிரு ஓம் பல டிகிரி பிழையாகிவிடும். எந்த வகை என்று கையேட்டில் பார்த்துவிட்டு நீட்டுங்கள். நீட்டிய ஒயரை 230 வோல்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

காலைச் சோதனையிலேயே எண் விலகியிருந்தால் மல்டிமீட்டர் எடுக்கலாம். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். சென்சாரின் இரண்டு முனைகளையும் போர்டிலிருந்து கழற்றிய பிறகே அளக்க வேண்டும், இல்லையென்றால் போர்டின் எதிர்ப்பும் சேர்ந்து வரும். அறை 20 டிகிரியில் இருந்தால் 10 கிலோ ஓம் வகை சுமார் 12,000 முதல் 12,500 ஓம் காட்டும். ஒரு டிகிரிக்கு நாலு சதவீதத்துக்கு மேல் மாறும் என்பதால், 20 டிகிரி அருகில் 500 ஓம் என்பது ஏறக்குறைய ஒரு டிகிரி. இதை மனதில் வைத்தால் கோளாறின் திசையே காரணத்தைச் சொல்லிவிடும். கனெக்டரில் பச்சை பிடித்து, எதிர்ப்பு கூடியிருந்தால் அடுப்பு உண்மையைவிடக் குளிராகக் காட்டும். ஈரம் புகுந்து இரண்டு ஒயருக்கும் நடுவே கசிவு இருந்தால் எதிர்ப்பு குறைந்து, சூடாகக் காட்டும். கடற்காற்றும் ஈரப்பதமும் நிறைந்த ஆக்லாந்தில் கனெக்டர் பச்சை பிடிப்பது சகஜம். கழற்றி, சுத்தம் செய்து, திரும்பச் செருகினாலே சரியாகிவிடுவதும் உண்டு. ஒயர் அறுந்திருந்தால் நம்ப முடியாத குறைந்த எண்ணும், ஷார்ட் ஆகியிருந்தால் நம்ப முடியாத பெரிய எண்ணும் வரும். அல்லது திரையில் பிழைக் குறியீடு எரியும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஐஸ் சோதனை. ஐஸைப் பொடித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும். குமிழை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, நனையாமல் அதில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைத்துக் கலக்கியபடி அளந்து பாருங்கள். 10 கிலோ ஓம் வகை, மாடலைப் பொறுத்து 27,000 முதல் 34,000 ஓம் வரை காட்டும். சரியான எண் கையேட்டின் அட்டவணையில் இருக்கும். 20 டிகிரியிலும் 0 டிகிரியிலும் அட்டவணையோடு ஒத்துப்போனால் சென்சாரில் குற்றமில்லை. போர்டைப் பார்க்க வேண்டும், அது டெக்னீஷியன் வேலை.

மெனுவில் உள்ள திருத்தத்துக்கு இப்போதுதான் வருகிறேன். பல அடுப்புகளில் சென்சார் எண்ணோடு ஓரிரு டிகிரி கூட்டவோ கழிக்கவோ வசதி உண்டு. பலர் முதலில் போவதே இதற்குத்தான். நான் கடைசியில் வைக்கிறேன், காரணம் இருக்கிறது. பிழை எப்போதும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே திருத்தம் வேலை செய்யும். தகட்டுச் சூட்டால் வரும் பிழை காலையில் பூஜ்யம், பத்து மணிக்கு 2, முழு வீச்சில் எரியும்போது 5 என்று மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு மைனஸ் 3 போட்டால் காலையிலும் தப்பு, இரவிலும் தப்பு. ஒயரை நகர்த்தினாலோ சென்சாரை மாற்றினாலோ பழைய திருத்தத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

எல்லாம் அளந்து, ஹாலில் உண்மையாகவே 20 டிகிரி இருந்தும் குளிர்கிறது என்றால் சென்சாரை விட்டுவிட்டு ஜன்னலைப் பாருங்கள். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் உடம்பின் சூடு குளிர்ந்த கண்ணாடியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். காற்று 20 டிகிரியாக இருந்தாலும் உடம்புக்கு 17 போலத் தோன்றும். இருட்டுவதற்கு முன்பே கனமான திரைச்சீலையைத் தரைவரை இழுத்துவிடுவதும் சோபாவை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துவதும் அடுப்பின் எண்ணைக் கூட்டுவதைவிட நல்ல பலன் தரும்.

சாண்ட்ரிங்காம், மவுண்ட் ரோஸ்கில், பாப்பாடோய்டோய் பக்கம் நம்மவர் வீடுகளில் பெல்லட் அடுப்பைவிட ஹீட் பம்ப்தான் அதிகம். அதிலும் இதே தொல்லை உண்டு. அதன் சென்சார் மேலே, காற்றை உள்ளிழுக்கும் இடத்தில் இருக்கிறது. சூடான காற்று மேலே தேங்குவதால் கீழே குளிரும்போதே அது போதும் என்று அடங்கிவிடும். இதற்காகத்தான் பல மாடல்களில் ரிமோட்டில் உள்ள சென்சாரைப் பயன்படுத்தச் சொல்லும் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தி, ரிமோட்டை உட்காரும் இடத்துக்கு அருகில், வெயில் படாமல் வைக்க வேண்டும். வடிகட்டி வலையில் தூசி அடைத்திருந்தாலும் சூடான காற்று அங்கேயே சுழன்று தவறான எண் வரும். வலையைக் கழுவிவிட்டு மேற்கொண்டு பாருங்கள்.

வாடகை வீடென்றால் அடுப்பை நீங்கள் திறக்க வேண்டாம். ஹெல்தி ஹோம்ஸ் விதிகள் 2019 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தன. எல்லாத் தனியார் வாடகை வீடுகளும் 2025 ஜூலை 1-க்குள் அவற்றுக்கு உட்பட வேண்டும் என்று ஆகிவிட்டது. ஹாலை 18 டிகிரிக்குக் கொண்டுவரக்கூடிய, பொருத்தப்பட்ட ஹீட்டரை வீட்டுக்காரர் தர வேண்டும் என்கிறது விதி. பெல்லட் அடுப்பும் ஏற்கப்பட்ட வகைதான். காலையிலும் மாலையிலும் திரை காட்டிய எண், தெர்மாமீட்டர் காட்டிய எண், தெர்மாமீட்டர் இருந்த இடம், வெளியே இருந்த வெப்பநிலை ஆகியவற்றை ஒரு வாரம் எழுதி, படமும் எடுத்து, வீட்டுக்காரருக்கு இமெயிலில் அனுப்புங்கள். "குளிருகிறது" என்று போனில் சொன்னால் கிடைக்கும் கவனம் வேறு, இந்தத் தாளுக்குக் கிடைக்கும் கவனம் வேறு. அவர் அசையாவிட்டால் 14 நாள் அவகாசம் தரும் நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் டெனன்சி டிரைபியூனலுக்குப் போகும்போது அதே தாளைக் காட்டலாம். டெக்னீஷியன் வந்தாலும் அந்தத் தாளையே முதலில் கொடுங்கள். எரியாதபோது ஒத்துப்போகிறதா, எரியும்போது மட்டும் விலகுகிறதா என்று அதிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும்.